நூலகம் கட்டியவள் ஏன் தோற்றாள்?

"மாமா, நூலகம் கட்டினது நான். தியேட்டர் கட்டினது நான். அம்மா ஒண்ணுமே கட்டல. அப்புறம் எப்படி அம்மா ஜெயிச்சாங்க?"

தங்கை மகள் இதைக் கேட்டபோது இரவு மணி பதினொன்றரை இருக்கும். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் நான் சார்ட் அட்டையில் வரைந்த பலகையை வைத்து, மூன்று மணி நேரமாக ஆடியிருந்தோம். நான், தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, கணக்கில் கெட்டி. அவள் பக்கத்தில் நூலகம், அரங்கம், இரண்டு நீரூற்றுகள் என்று மரக்கட்டைகள் வரிசையாக நின்றன. தங்கை பக்கத்தில் ஒரு கட்டைகூட இல்லை, காசு மட்டும் அடுக்கி வைத்திருந்தாள். நான் எழுதிய விதிப்படி ஆட்டம் முடியும்போது யாரிடம் காசு அதிகமோ அவருக்கே வெற்றி. "அதுதாம்மா விதி" என்றேன். அவள் விடவில்லை. "அப்போ நிஜமா அந்த ஊர்ல இதையெல்லாம் யாரு கட்டினாங்க? கட்டினா நஷ்டம்தானே?" என்னிடம் பதில் இல்லை. அட்டையைச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

பழைய ரோமானிய ஊர் ஒன்றின் கட்டடங்களை வைத்து ஒரு பலகை விளையாட்டு செய்ய வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. எல்லோரையும் போல நானும் பாம்பேயில்தான் ஆரம்பித்தேன். ஆனால் பாம்பேய் என்றாலே எரிமலைதான் முன்னால் வந்து நிற்கிறது. கி.பி. 79-இல் எரிமலை வெடித்து ஊரையே மூடிய அந்த நாள், அந்த ஊரின் மற்ற எல்லா நாட்களையும் விழுங்கிவிடுகிறது. எதைக் கட்டினாலும் கடைசியில் சாம்பல்தானே என்று தெரிந்துகொண்டு ஆட எனக்கு மனம் வரவில்லை. அங்கிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று. சால்வியுஸ் என்பவரின் மதுக்கடைச் சுவரில் ஓவியங்கள் வரிசையாக இருந்தன, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் இரண்டு பேர் பகடை ஆடுகிறார்கள். ஒருவன் "நான் முடிச்சாச்சு" என்கிறான். மற்றவன் "மூணு இல்ல, ரெண்டுதான்" என்கிறான். அடுத்த காட்சியில் கைகலப்பு, கடைக்காரர் "வெளியே போய்ச் சண்டை போடுங்கள்" என்று தள்ளுகிறார். எங்கள் வீட்டுக் கூடத்தில் வாரா வாரம் கேட்கும் அதே பேச்சு. இந்த மனிதர்கள் ஆடக்கூடிய ஊர்தான் வேண்டும், ஆனால் எரிமலை வேண்டாம் என்று தேடியபோதுதான் திம்காட் கிடைத்தது.

அல்ஜீரியாவில், ஔரெஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். பழைய பெயர் தாமுகாதி. கி.பி. 100-இல் பேரரசர் டிராஜன், பணி முடித்த படைவீரர்கள் குடியிருப்பதற்காக வெறும் தரையில் போட்ட ஊர். மேலிருந்து எடுத்த வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஒரு பக்கம் சுமார் 350 மீட்டர் நீளம், அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சதுர மனைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மீட்டருக்கு 20 மீட்டர். நடுவில் மன்றம் என்ற பொதுச் சதுக்கம், அதற்குத் தெற்கே மலைச்சரிவைக் குடைந்து 3500 பேர் உட்காரும் அரங்கம். சதுரங்கப் பலகையை எடுத்து ஊர் என்று பெயர் வைத்தது போல இருக்கிறது. வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, மெல்லிய தாள் வைத்து, ஒவ்வொரு தெருவாக ஸ்கேல் போட்டு வரைந்தேன். நான் செய்ய ஒன்றுமே இல்லை, டிராஜனின் நில அளவைக்காரர்கள் பாதி வேலையை முடித்துவிட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

விதிகளிலும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பொதுக் குளியல் கூடத்துக்கு ரோமானியர்கள் வழக்கமாகக் கொடுத்த கட்டணம் ஒரு குவாட்ரான்ஸ், இருப்பதிலேயே சின்னக் காசு. பதினாறு குவாட்ரான்ஸ் சேர்ந்தால்தான் ஒரு செஸ்டர்ஸ். கூடம் கட்ட லட்சக்கணக்கில் செஸ்டர்ஸ் வேண்டும். அப்புறம் தினமும் உலைக்கு விறகு, தண்ணீர், ஆள். இந்தக் கணக்கை அப்படியே சுருக்கி ஆட்டத்தில் வைத்தேன். விளைவு, கட்டியவர்கள் தோற்றார்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் ஜெயித்தார். கட்டடத்தின் வருமானத்தைக் கூட்டினால் ஆட்டம் சரியாகிவிடும். எந்தப் பலகை விளையாட்டிலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அது பொய்க்கணக்கு. எண்கள் சரி, ஆட்டம் தப்பு என்றால் தப்பு எங்கேயோ அடியில் இருக்கிறது.

நான்கு லட்சம் செஸ்டர்ஸ்

ஒரு வாரம் பலகையைத் தொடவே இல்லை. அவள் கேள்வி மட்டும் கூடவே வந்தது. பேருந்தில், ஆபீஸில், பல் தேய்க்கும்போது. சரி, கடைசியில் அவள் கட்டிய கட்டடத்திலிருந்தே தொடங்கலாம் என்று திம்காட் நூலகத்தைப் பற்றித் தேடி உட்கார்ந்தேன். பெரிய கட்டடம் இல்லை, கிட்டத்தட்ட ஒரு மனைச் சதுரம்தான். அரைவட்டமாக ஒரு அறை, சுவரெல்லாம் புத்தகச் சுருள்களை அடுக்குவதற்கான மாடங்கள். இடிபாடுகளைப் பார்த்து இது நூலகம் என்று யாரும் ஊகித்துச் சொல்லவில்லை, அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டே சொல்கிறது. அதன் சாரம் இது: மறைந்த மார்க்குஸ் யூலியுஸ் குவிந்தியானுஸ் ஃப்ளாவியுஸ் ரொகாத்தியானுஸ் என்பவர் தம் தாய்மண்ணான தாமுகாதிக்கு உயில் எழுதி வைத்த கொடையால், 400,000 செஸ்டர்ஸ் செலவில், ஊராட்சியின் மேற்பார்வையில் இந்த நூலகம் கட்டி முடிக்கப்பட்டது.

அந்தக் கல்வெட்டை மூன்று நான்கு முறை படித்திருப்பேன். டிராஜன் காலத்தில் சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1200 செஸ்டர்ஸ். அந்தக் கணக்கில் 333 ஆண்டுச் சம்பளத்தை ஒருவர் தன் ஊருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் அந்த நூலகத்தின் வாசற்படியை மிதிக்கவே இல்லை. ஒரு சுருளை எடுத்துப் பிரித்ததில்லை. கட்டடம் எழும்போது உயிரோடு இல்லை. அவருக்குக் கிடைத்தது கல்லில் அந்த நீளமான பெயர், ஓர் எழுத்து விடாமல். பேரரசு போய், ஊர் போய், மணல் மூடி, 1881-இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டத் தொடங்கி, இன்று நான் இங்கே உட்கார்ந்து அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அப்படியென்றால் அவர் தோற்கவில்லை. தங்கை மகளும் தோற்கவில்லை. நான்தான் எண்ண வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை எண்ணியிருக்கிறேன்.

அன்று இரவே பழைய விதித்தாளைக் கிழித்தேன். இப்போது ஒவ்வொருவர் முன்னாலும் கல் நிறத்தில் ஒரு நீளமான பட்டை இருக்கிறது, அதில் பத்துக் குழிகள். ஒவ்வொருவரும் ஒரு குடும்பம். கட்டடம் முடிந்தால் காசு வராது, எழுத்து வரும். நீரூற்றுக்கு ஓர் எழுத்து, சந்தைக்கு மூன்று, நூலகத்துக்கு நான்கு. குடும்பப் பெயர் பட்டையில் முதலில் யாருக்கு நிறைகிறதோ அவருக்கே வெற்றி. ஆட்டம் முடியும்போது கையில் எவ்வளவு காசு இருந்தாலும் அதற்கு மதிப்பு சுழியம். ஆனால் கடைசிச் சுற்றுக்கு முன் ஒருவர் உயில் எழுதலாம். அதோடு அவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும், அவருடைய காசை வைத்து மற்றவர்கள்தான் அவருக்காகக் கட்டி முடிக்க வேண்டும். முடித்தால் எழுத்து அவருக்கு. இந்த விதியை எழுதும்போது மட்டும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது, உண்மையாகவே.

புது விதியை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, "அட, உபயம்!" என்றார். நான் அரைப்பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த விளக்கத்தை அந்த ஒரு சொல் முடித்துவிட்டது. அதற்கப்புறம் அந்த விதிக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். "நான் ஒரு சந்தை உபயம் பண்றேன்" என்று மாப்பிள்ளை காசை எடுத்து வைப்பார். திம்காட்டின் சந்தை உண்மையிலேயே ஓர் உபயம்தான். செர்த்தியுஸ் என்ற செல்வந்தர் மனைவியோடு சேர்ந்து கட்டிக் கொடுத்தது.

சதுரத்துக்கு வெளியே

அந்தச் சந்தை எனக்கு இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதைப் பலகையில் வைக்கப் போனேன், இடமே இல்லை. வரைபடத்தை மறுபடி பார்த்தால், சந்தை டிராஜனின் சதுரத்துக்குள் இல்லை. மேற்கு வாசலில் நிற்கும் பெரிய வளைவுக்கு வெளியே இருக்கிறது. ஊரிலேயே பெரிய கோயிலான கேப்பிட்டோலியமும் சதுரத்துக்கு வெளியே, தென்மேற்கில். பெரிய குளியல் கூடங்களும் வெளியே. செர்த்தியுஸின் வீடோ, பழைய மதில் நின்ற இடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் இத்தனை நாள் அச்செடுத்து வைத்துக் கொண்டாடிய அந்தச் சதுரம், ஊர் பிறந்த நாளின் படம் மட்டுமே. ஊர் வளர்ந்தபோது அந்தச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே படைவீரர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்த மனைகள். பெரிதாக ஏதாவது கட்ட வேண்டும் என்றால் பத்து வீட்டுக்காரர்களைக் கிளப்ப வேண்டும். அதைவிட மதிலைத் தாண்டிப் போவது எளிது.

எனக்கு இது பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது. என் பலகையில் அதுவரை இருந்த பெரிய குறை, எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி இருந்ததுதான். எங்கே வைத்தாலும் ஒன்று என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? இப்போது அட்டையின் விளிம்பை வெட்டிவிட்டேன். உள்ளே சின்னக் கட்டடம் மட்டும்தான் வைக்கலாம். பெரியது வேண்டுமானால் ஒருவர் மதிலின் ஒரு துண்டைக் கழற்ற வேண்டும், அதற்கு அவர் ஒரு சுற்றை இழப்பார். கழற்றிய பிறகு அந்த வழி எல்லோருக்கும் பொது. முதலில் யார் கழற்றுவது என்பதிலேயே இப்போது பாதி ஆட்டம் போகிறது. தங்கை கடைசிவரை பொறுத்திருப்பாள், யாராவது உடைத்ததும் முதல் ஆளாக வெளியே போவாள். வெளியில் கட்டமே இல்லை, தெரு வளைந்து போகிறது, கட்டையை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு மணி நேரம் ஆடிய பிறகு மேலிருந்து பார்த்தால், நடுவில் கட்டுப்பாடான சதுரமும் சுற்றிலும் இஷ்டத்துக்குப் படர்ந்த கட்டடங்களுமாக, வரைபடத்தில் நான் பார்த்த அதே திம்காட் கூடத்துப் பாயில் முளைத்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாற்காலி மேல் ஏறிப் படம் எடுத்தேன்.

பாதியில் நின்ற சுவர்கள்

உபய விதி வந்த புதிதில் எல்லோரும் கண்டபடி அறிவித்தார்கள். "நான் அரங்கம் கட்டறேன்" என்று அடித்தளக் கட்டையை வைப்பது, அப்புறம் காசு போதாமல் விட்டுவிடுவது. பலகை முழுக்க அரைகுறை. இதற்கு என்ன தண்டனை என்று யோசித்தபோது, இதே டிராஜனுக்கு இளைய பிளினி எழுதிய கடிதங்கள் கைகொடுத்தன. பிளினி அப்போது, இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா மாகாணத்தின் ஆளுநர். அங்கே நிக்கோமீடியா ஊர்க்காரர்கள் ஒரு நீர்க்கால்வாய்க்கு முப்பது லட்சம் செஸ்டர்ஸுக்கு மேல் கொட்டிவிட்டுப் பாதியில் விட்டார்கள், அடுத்து இன்னொன்றை ஆரம்பித்து அதற்கும் இரண்டு லட்சம் போட்டுவிட்டு அதையும் விட்டார்கள். நிக்கேயாவில் அரங்கம் ஒன்று ஒரு கோடி செஸ்டர்ஸுக்கு மேல் விழுங்கியும் முடியவில்லை. ஈர மண்ணாலோ சொத்தைக் கல்லாலோ சுவர் கீழே இறங்கி, விரிசல் விட்டிருக்கிறது. அந்த அரங்கத்தைச் சுற்றி மண்டபங்கள் கட்டித் தருவதாகத் தனியார் சிலர் வாக்குக் கொடுத்திருந்தார்கள், மூலக் கட்டடமே முடியாததால் அவையும் நிற்கின்றன. படிக்கப் படிக்க எங்கள் கூடம்தான் கண்முன் வந்தது. ரோமானியச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பதவி கிடைத்ததற்காக ஒருவர் ஊருக்குக் கட்டடம் தருவதாக வாக்குக் கொடுத்தால், அது கடன் மாதிரி. அவர் இறந்தாலும் வாரிசுகளைத் துரத்தும். அதையே வைத்தேன். அறிவித்தால் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் சுற்றுக்குச் சுற்று வாங்கிய எழுத்தைத் திருப்பித் தர வேண்டும். இப்போது வாய் திறப்பதற்கு முன் எல்லோரும் காசை எண்ணுகிறார்கள்.

கட்டியதைப் பராமரிக்கவும் விதி சேர்த்தேன். பிளினி தன் சொந்த ஊரான கோமுமில் குளியல் கூடத்துக்கு உயில் எழுதியபோது, அலங்காரத்துக்கு மூன்று லட்சம், அது போக, பராமரிப்புக்கென்றே தனியாக இரண்டு லட்சம் ஒதுக்கினார். விவரம் தெரிந்த மனிதர். எங்கள் ஆட்டத்தில் பராமரிப்புக் காசு வைக்காத கட்டடம் மூன்று சுற்றில் சாயும். அதை வேறொருவர் எடுத்து நிறுத்தலாம், அப்போது அவருடைய எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம், அல்லது பழைய எழுத்தையே விட்டுவைக்கலாம். விட்டுவைப்பதால் ஒரு லாபமும் இல்லை. பேரரசர் ஹாட்ரியன் ரோமின் பாந்தியன் கோயிலைப் புதிதாக எழுப்பிய பிறகும் அதன் நெற்றியில் அதை முதலில் கட்டிய அக்ரிப்பாவின் பெயரையே பொறித்து வைத்தார் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது வழியை வைத்திருக்கிறேன். ஒரு தடவை மாப்பிள்ளை தன் மகளின் சாய்ந்த நீரூற்றை நிறுத்தி, அவள் எழுத்தை எடுக்காமல் விட்டார். அந்த ஆட்டத்தில் அவர் ஓர் எழுத்தில் தோற்றார்.

கல் சுமந்தவர்கள்

இனி மாற்ற ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். போன மாதம் அம்மாவும் ஆட உட்கார்ந்தார். நான்கு சுற்று நிதானமாக ஆடினார். நூலகத்தை முடித்து எழுத்துகளைப் பட்டையில் வைக்கும்போது, "ஏம்ப்பா, கல்லு சுமந்தவங்க பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். எங்கும் இல்லை. சட்டமே அப்படித்தான். பொதுக் கட்டடத்தில் பேரரசர் பெயரையோ பணம் கொடுத்தவர் பெயரையோ தவிர வேறு யார் பெயரும் பொறிக்கக் கூடாது. திம்காட்டை உண்மையில் எழுப்பியது மூன்றாம் அகுஸ்தா படையணி. ஊரை நிறுவியதைச் சொல்லும் கல்வெட்டில் டிராஜன் பெயர் இருக்கிறது, தளபதி முனாத்தியுஸ் கல்லுஸ் பெயர் இருக்கிறது, படையணிக்கு எண் இருக்கிறது. தோளில் தூக்கியவன் ஒருவன் பெயரும் இல்லை. அடிமைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சுற்றில் கட்டையை வைக்கவும் இல்லை.

இதற்கு என்ன விதி எழுதுவது? தொழிலாளி எழுத்து என்று ஒன்று சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்த்தால் நடக்காததை நடந்ததாகக் காட்டுவதாகிவிடும். அப்போதுதான் திம்காட்டில் இருக்கும் இன்னொரு எழுத்து நினைவுக்கு வந்தது. மன்றத்தின் கல்தரையில் யாரோ வெட்டிய ஆறு சொற்கள். வெனாரி, லவாரி, லூதெரே, ரிதேரே, ஒக்கெஸ்ட், விவேரே. வேட்டையாடு, குளி, விளையாடு, சிரி, இதுதான் வாழ்க்கை. லத்தீனில் எழுதினால் ஒவ்வொரு சொல்லும் சரியாக ஆறு எழுத்து. வரிக்கு இரண்டு சொல், மொத்தம் மூன்று வரி, நடுவில் ஒரு சின்ன அலங்காரம். முப்பத்தாறு எழுத்தும் முப்பத்தாறு கட்டம். மூன்று பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்கான பலகை அது. 'ஹோக் எஸ்ட்' என்று இலக்கணமாக எழுதாமல், ஹகரத்தை விழுங்கிப் பேசுகிற மாதிரியே வெட்டியிருக்கிறார். ஊர் முழுக்கப் பெயர்கள் பொறித்த அந்தக் கற்களுக்கு நடுவே, இதில் மட்டும் வெட்டியவர் பெயரும் இல்லை, கொடுத்தவர் பெயரும் இல்லை.

என் பலகையில் மன்றம் இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவில் அந்த முப்பத்தாறு புள்ளிகளைப் பேனாவால் வைத்தேன். எந்தச் சுற்றிலும் யார் வேண்டுமானாலும் தன் ஆளை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கலாம். காசும் கிடையாது, எழுத்தும் கிடையாது. "அப்புறம் எதுக்கு மச்சான் அங்க போகணும்?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஆட்டம் என்ற அளவில் அவர் கேட்டது நியாயம்தான். நானும் பதில் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை தங்கை மகளின் பட்டையில் ஒன்பது எழுத்து நிறைந்துவிட்டது. கையில் ஒரு நீரூற்றுக்குத் தேவையான காசும் இருந்தது. வைத்தால் முடிந்தது. அவள் கொஞ்ச நேரம் பட்டையைப் பார்த்தாள், எதிரே ஒரே ஓர் எழுத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டியைப் பார்த்தாள். அம்மாவின் ஆள் இரண்டு சுற்றாக மன்றத்திலேயே இருந்தது. அவள் தன் ஆளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, "மாமா, இந்தக் குட்டிப் பலகையை நிஜமாவே பெருசா வரைஞ்சு ஆட முடியுமா?" என்றாள். சார்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பி மூன்று வரி கோடு போட்டேன். அன்றைக்கு எழுத்தை யாரும் எண்ணவில்லை. எங்களிடம் இரண்டு பகடைதான் இருந்தது, மூன்றாவதுக்காகத் தங்கை எழுந்துபோய்ப் பழைய லூடோ டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.